நாலு கேப்டன்கள் ஏறிய மண்டபம்

இதை எனக்கு முதலில் சொன்னது ரூபவதி அக்கா. போன பெரிய வியாழக்கிழமை, கண் ஆஸ்பத்திரியில் எங்கள் இரண்டு பேருக்கும் சொட்டு மருந்து விட்டு, கண்ணைத் திறக்கக் கூடாது என்று ஒரே பெஞ்சில் உட்கார வைத்திருந்தார்கள். கண்ணை மூடிக்கொண்டே அவள் சொன்னாள், கண்ணை மூடிக்கொண்டே நான் கேட்டேன், அதனால் எதையும் சந்தேகப்பட எனக்குத் தோன்றவில்லை. அவள் புருஷன் மோசஸ் அண்ணாச்சிதான் மேலக்கரிசல் ஆலயத்தில் மணி அடிக்கிறவர். அந்த ஊரில் எது ஏறினாலும் எது இறங்கினாலும் முதலில் தெரிவது அவருக்குத்தான்.

மேலக்கரிசலில் ஆலயத்துக்கு எதிரே ஜூபிலி மண்டபம் என்று ஒன்று. தகரக் கூரை, பச்சை அடித்த ஜன்னல்கள், ஒரு மேடை, மேடையில் ஒரு மரமேஜை, பாட்டரியில் ஓடுகிற மைக் செட், அவ்வளவுதான். மாசியில் ஒரு திங்கட்கிழமை அந்த ஊர் எப்சிபாவின் கல்யாணத்துக்காக அதைச் சொல்லி வைத்திருந்தார்கள். அந்தத் திங்கள் தவறக் கூடாது. புதன்கிழமை சாம்பல் புதன். அன்று தொடங்கி லெந்து என்கிற தவக்காலம் நாற்பது நாளும் எங்கள் ஆலயங்களில் கல்யாணம் கிடையாது. மாப்பிள்ளை ஆல்வின் கப்பல்காரன். அதே புதன்கிழமை கொச்சியில் கப்பல் ஏற வேண்டும், ஏறினால் ஒன்பது மாதம். ஏற்கெனவே புயலால் ஒருமுறை தள்ளிப்போன கல்யாணம். இன்னொரு முறை தள்ளினால் மாப்பிள்ளையின் அம்மா ஜாய்ஸ் டீச்சர் வேறு பெண் பார்த்துவிடுவார் என்று ஊர் சொன்னது, ஜாய்ஸ் டீச்சரும் வாய்விட்டே சொன்னார்.

ஜாய்ஸ் டீச்சர் இந்தச் சம்பந்தத்துக்குத் தலையாட்டியதே பெண்ணின் அண்ணன் கிதியோன் பைலட் என்பதற்காகத்தான். கிதியோனுக்குச் சென்னையில் விமான நிலையத்தில் வேலை என்பது நிஜம். மற்றதை ஊர் சேர்த்துக்கொண்டது, அவன் மறுக்காமல் இருந்துகொண்டான். அவன் கொண்டுவந்த அழுக்குத்துணிப் பையைத் துவைக்கப் பிரித்த எப்சிபாவுக்கு மட்டும் தெரியும்: அதில் தோளில் தங்கக் கோடு போட்ட வெள்ளைச் சட்டை இல்லை, முதுகில் வெள்ளிப் பட்டை ஒட்டிய மஞ்சள் மேல்சட்டையும் டீசல் வாடையும்தான் இருந்தன. விமானத்தைப் பின்னால் தள்ளிவிடுகிற வண்டியோடு கீழே நிற்கிறவன் அவன். இவ்வளவு பெரிய விமானம் தானாகப் பின்னால் போகாதாம். அவன் காதில் மாட்டிய கம்பி வழியாக "பிரேக்கை எடுங்க சார்" என்று சொன்னால்தான் மேலே இருக்கிற கேப்டன் எடுப்பாராம். அந்தக் கம்பி வழியாகக் கேட்ட பேச்சையெல்லாம் மனசில் சேர்த்து வைத்துக்கொண்டு, பையன் ஒருநாள் போனில் 'உயரத்து உறவுகள்' என்ற பைலட்டுகளின் குழுவுக்குள் கேப்டன் கிதியோன் என்று நுழைந்துவிட்டான். நாலு வருஷம். தினமும் காலையில் மேகப் படம் போட்டு வணக்கம் சொல்லுவார்கள், சாயங்காலம் தங்கள் பெருமையைச் சொல்லுவார்கள். ஒருவரை ஒருவர் நேரில் பார்த்ததே இல்லை.

தங்கச்சி கல்யாணம் என்று இவன் ஒரு மரியாதைக்குப் பத்திரிகைப் படத்தை அனுப்ப, அதையே சாக்காக வைத்து நேரில் சந்திப்போம் என்று நாலு பேர் வெள்ளிக்கிழமையே வந்து இறங்கிவிட்டார்கள். பறக்கத் தெரிந்த நாலு பேரும் ரயிலில்தான் வந்தார்கள். கோயம்புத்தூர் ராஜசிம்மன், மீசைக்காரர். சென்னை மாதங்கி, கறுப்புக் கண்ணாடியை மண்டபத்துக்குள்ளும் கழற்றாத அம்மாள். ஷார்ஜாவில் சரக்கு விமானம் ஓட்டுகிற இதயத்துல்லா. நாலாமவர் பெயர் ரூபவதி அக்காவுக்கு ஞாபகமில்லை. அவர் யார் எதைச் சொன்னாலும் "எனக்கும் இதே மாதிரி ஆச்சு" என்றே சொல்லிக்கொண்டிருந்தாராம். போனில் பார்த்த படத்தைவிட நாலு பேருமே ஒரு சாண் குள்ளம். அதை ஒருவர் மற்றவரிடம் கண்டுபிடித்தார்களே தவிர, தன்னிடம் யாரும் கண்டுபிடிக்கவில்லை.

அவர்களை உட்கார வைக்க வீட்டில் இடமில்லாததால் மண்டபத்தைத் திறந்துவிட்டார்கள். பந்தி நாற்காலிகளை வட்டமாகப் போட்டு உட்கார்ந்தார்கள், கிதியோன் ஜன்னலோரமாக நின்றுகொண்டான். ராஜசிம்மன் ஆரம்பித்தார்: வங்காள விரிகுடாவுக்கு மேலே ஒரு மின்னல் தன் விமானத்தின் மூக்கில் நுழைந்து வாலில் வெளியே போனதையும், அந்த நேரத்தில் தன் கையில் இருந்த டீ ஒரு சொட்டுக்கூடத் தளும்பாததையும் சொன்னார். அவர் சொல்லி முடிக்குமுன் மண்டபம் அஸ்திவாரத்தைவிட்டு ஒரு சாண் எழும்பியது. அப்போதுதான் எப்சிபா ஒரு தட்டில் காப்பியும் முந்திரிக்கொத்துப் பலகாரமும் எடுத்துக்கொண்டு, வாசற்படி இன்றைக்கு ஏன் கொஞ்சம் உயரமாக இருக்கிறது என்று காலைத் தூக்கி வைத்து உள்ளே போனாள். மாதங்கி அம்மாள் கடலுக்கு நடுவே இரண்டு எஞ்சினும் நின்றுபோய், பயணிகள் ஒருவரின் குறட்டைகூடக் கலையாமல் விமானத்தைக் கரை சேர்த்ததைச் சொல்லும்போது மண்டபம் வேப்பமர உயரத்துக்கு வந்துவிட்டது. இதயத்துல்லா, ஆகாயத்தில் கட்டவிழ்த்துக்கொண்ட நாற்பது பந்தயக் குதிரைகளை ஒரு கையால் அடக்கி மறு கையால் விமானத்தைப் பிடித்ததைச் சொல்ல, மண்டபம் ஆலயக் கோபுரத்துச் சிலுவையையும் தாண்டி, ஊருக்கு மேலே நிதானமாக வலம் வரத் தொடங்கியது. "எனக்கும் இதே மாதிரி ஆச்சு" என்றார் நாலாமவர். இன்னும் இரண்டு பனை உயரம் ஏறியது.

ஒருவர் கதையை மற்றவர் கேட்டார்களா என்றால், இல்லை. அடுத்தவர் எப்போது மூச்சு விடுவார் என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். கர்த்தர் என்னை மன்னிக்கட்டும், நான் யாரையும் பழித்துப் பேசுகிறவள் இல்லை, ஆனால் அத்தனை புயலில் அத்தனை நெருப்பில் நாலு பேரில் ஒருவருக்குக்கூட ஒரு நிமிஷம் பயம் வந்ததில்லையாம்.

ஊர் அதை எப்படி எடுத்துக்கொண்டது என்றால், மோசஸ் அண்ணாச்சி ஒருமுறை மணியை அடித்தார், எல்லோரும் வெளியே வந்து அண்ணாந்து பார்த்தார்கள், "கல்யாண நேரத்துல இது வேறயா" என்று சலித்துக்கொண்டு வேலையைப் பார்க்கப் போனார்கள். மின்வாரியத்து ஆள் வந்து அறுந்து தொங்கிய வயரைச் சுருட்டி வைத்துவிட்டு, இறங்கினதும் சொல்லுங்கள் என்று போனார். வத்தல் காயப் போட்டிருந்த பெண்கள், மண்டபத்து நிழல் வரும் நேரத்தைக் கணக்குப் பண்ணிப் பாயை இழுத்துக்கொண்டார்கள். அதே நிழலைத் தேடி ஆடுகள் பின்னாலேயே ஊரைச் சுற்றின. காலியான அஸ்திவாரத்தில் டீக்கடைக்காரர் பெஞ்சைக் கொண்டுவந்து போட்டார். ரூபவதி அக்கா கிணற்றுக் கயிற்றோடு நாலு கயிறு முடிந்து ஒரு கூடை கட்டிக்கொடுக்க, நிழல் ஆலயத்தைத் தாண்டும்போதெல்லாம் மேலேயிருந்து கூடை இறங்கும், இட்லியும் தண்ணியும் ஏறும். முதல் நாளே மேலேயிருந்து ஒரு சீட்டு வந்தது, சட்னியில் காரம் குறைவு என்று.

"என் பிள்ளையக் கீழ இறக்குங்கய்யா!" என்று எப்சிபாவின் அம்மா நிழலுக்குப் பின்னாலேயே ஓடி ஓடிக் கத்தினாள். தீயணைப்பு ஏணி பாதி உயரம்தான் எட்டியது. கூடையில் வைத்து இறக்கலாமா என்று யாரோ கேட்டார்கள். முடிச்சுப் போட்ட ரூபவதி அக்காவே வேண்டாம் என்றாள். "அது இட்லிக்குப் போட்ட முடிச்சு, பிள்ளைக்குப் போட்டதில்ல."

சரி, மேலேதான் நாலு கேப்டன்கள் இருக்கிறார்களே, இறக்க வேண்டியதுதானே? அங்கேதான் இருக்கிறது விஷயம். விமானத்தில் முன்னால் இரண்டு பேர் உட்காருவார்களாம். ஒருவர் ஓட்டுகிறவர். மற்றவர் ஒரு அட்டையைப் பார்த்து ஒவ்வொன்றாக வாசிப்பார், ஓட்டுகிறவர் ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்லுவார். அப்படி ஒருவர் வாசித்து ஒருவர் பதில் சொல்லாமல் இறங்குவது என்ற வழக்கமே கிடையாதாம். மேடை மேஜைக்குப் பின்னால் நாற்காலி போட்டு அதுதான் ஓட்டுகிற இடம் என்று முடிவாயிற்று. "கன்ட்ரோல் எங்கிட்ட" என்று ராஜசிம்மன் உட்கார்ந்தார். "எங்கிட்ட" என்று மாதங்கி அம்மாள் இன்னொரு நாற்காலியை அதைவிட முன்னால் போட்டார். இதயத்துல்லாவும் போட்டார். நாலாமவரும் அதே மாதிரி போட்டார். பக்கத்து நாற்காலி மட்டும் காலியாகக் கிடந்தது. யாரையாவது வாசிக்கச் சொன்னால், "நான் அந்த சீட்டை விட்டு இருபது வருஷமாச்சு" என்றார்கள். மூத்தவர் ஓட்டட்டும் என்று எப்சிபா சொன்னாள். யார் மூத்தவர் என்று பறந்த மணிநேரத்தைச் சொல்லத் தொடங்கினார்கள். ஒருவர் பன்னிரண்டாயிரம் என்றார், ஒருவர் பதினைந்தாயிரம், ஒருவர் இருபது. ஒவ்வொரு ஆயிரத்துக்கும் மண்டபம் இன்னும் கொஞ்சம் ஏறியது. கூடைக் கயிற்றோடு அக்கா இன்னொரு கயிற்றை முடிய வேண்டியதாயிற்று. வெள்ளி இப்படிப் போனது, சனியும் போனது.

கிதியோன் அந்த ஜன்னலோரத்தை விட்டு நகரவில்லை. அவன் சட்டைப்பையில், ஒரு விமானத்துக் குப்பைக்கூடையில் எடுத்த ஓரம் கிழிந்த அட்டை ஒன்று இருந்தது. இறங்கும்போது வாசிக்கிற அட்டை. நாலு வருஷமாக அதை வேதாகமச் சங்கீதம் மாதிரி மனப்பாடம் பண்ணி வைத்திருந்தான்.

எப்சிபா வந்து பக்கத்தில் நின்றாள். "அண்ணே, அந்த நாற்காலியில போய் உக்காரு."

"அதுல உக்காந்தா நான் கேப்டன் இல்லன்னு ஆயிரும்டி."

"நீ கேப்டன் இல்லதான."

"ஒனக்கு எப்படித் தெரியும்?"

"ஒன் மஞ்சச் சட்டைய நாலு வருஷமா யாரு துவைக்கா? ரின் சோப்பா துவைக்கி?"

"ஜாய்ஸ் டீச்சருக்குத் தெரிஞ்சா கல்யாணத்த நிறுத்திருவாவ எப்சி. பைலட்டு தங்கச்சின்னுதான் ஒன்னக் கேட்டு வந்தாவ."

"நாளைக்கு மறுநாள் நான் இங்க மேல இருந்தா மட்டும் நடக்குமா? கல்யாணம் கீழ வச்சு நின்னா என்ன, மேல வச்சு நின்னா என்ன, எனக்கு ஒண்ணுதான். ஆனா ஒரு விஷயம். தாலியக் கழுத்துல வாங்கிக்கிட்டு, ஒன் சட்டையத் திருட்டுத்தனமாத் துவைக்க என்னால ஆவாது."

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை நடந்தது. பிரசங்கத்தில் இரண்டு தடவை நிழல் ஆலயத்தைக் கடக்க, போதகர் ஐயர் இருட்டில் குறிப்பு தெரியாமல் நிறுத்திவிட்டு, வெளிச்சம் வந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். ஜனங்கள் ஆலயத்தைவிட்டு வெளியே வரும் நேரம் பார்த்து, கார் பிடித்து ஜாய்ஸ் டீச்சர் மகனோடு வந்து இறங்கினார். கைப்பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அண்ணாந்து பார்த்தார். முப்பது வருஷம் வகுப்பறையில் கத்திய குரல், மைக் தேவையில்லை.

"எய்யா கிதியோன்! மாப்பிள்ளை வீட்டுக்காரங்களை வெயில்ல நிக்க வச்சிக்கிட்டு மேல என்ன சுத்திக்கிட்டிருக்க? நீ பைலட்டுதான! இறக்குய்யா!"

ஊரே அண்ணாந்து நின்றது. மேலே கிதியோன் மைக்கைக் கையில் எடுத்தான். பிறகு மைக் செட் கரகரவென்று இருமியது.

"அத்தை, நான் பைலட்டு இல்ல."

டீக்கடைக்காரர் ஆற்றிக்கொண்டிருந்த டீயை அந்தரத்தில் நிறுத்தினார் என்று ரூபவதி அக்கா சொன்னாள்.

"நான் பிளேனப் பின்னால தள்ளுறவன். தரையில நிக்கிறவன். எல்லார்ட்டயும் பொய் சொல்லிட்டேன். எந்தங்கச்சி சொல்லல, நான்தான் சொன்னேன். இப்ப அட்டைய நான் வாசிக்கேன். யாராவது பதில் சொல்லுங்க."

சொல்லிவிட்டு யாரும் உட்காராத அந்த நாற்காலியில் போய் உட்கார்ந்தான். நாலு கேப்டன்களுக்கும் அதுவரை வராத ஒற்றுமை அப்போது வந்தது. "நாலு வருஷமா ஒரு வண்டிக்காரனுக்கா நாம குட்மார்னிங் போட்டோம்?" என்றார் ராஜசிம்மன். "எனக்கு முதல்லயே சந்தேகம்" என்றார் மாதங்கி அம்மாள். இதயத்துல்லா கையை உதறிக்கொண்டு நாற்காலியைத் தள்ளிப் போட்டார். மின்னலுக்கு அசையாதவர்களும் குதிரைக்கு அசையாதவர்களும் ஒரு மஞ்சள் சட்டைக்கு இப்படி ஆடிப்போனார்கள்.

கிதியோன் மைக்கில் வாசித்தான். "ஜன்னல்?"

இப்படி ஒருவன் வாசிக்க கேப்டன்கள் வாய்மூடி இருப்பதைக் கீழே நின்ற ஜனங்களால் பொறுக்க முடியவில்லை. ஐயர் ஒரு வசனம் வாசித்தால் சபை மறு வசனம் சொல்லியே பழகிய ஊர். எப்சிபா ஓடிப்போய் ஜன்னல்களைச் சாத்தி, "சாத்தியாச்சு" என்றாள். கீழே அத்தனை பேரும் ஞாயிற்றுக்கிழமை ராகத்தில், "சாத்தியாச்சு" என்றார்கள். மண்டபம் ஒரு பனை உயரம் இறங்கியது.

"விளக்கு?"

"போட்டாச்சு" என்றது ஊர். கரண்டே இல்லையே என்று யோசித்து, மண்டபம் நின்ற இடத்திலேயே நின்றது. எப்சிபா தன் போன் விளக்கைப் போட்டாள். இறங்கியது.

தங்களை விட்டுவிட்டு மண்டபம் இறங்குகிறது என்று தெரிந்ததும் கேப்டன்களுக்கு இருப்புக்கொள்ளவில்லை. "பெல்ட்?" என்றதும் நாலு பேரும் முந்திக்கொண்டு, "போட்டாச்சு" என்றார்கள். எவர் இடுப்பிலும் பெல்ட் கட்டியிருக்கவில்லை. மண்டபம் விருட்டென்று மேலே போனது. கீழே எப்சிபாவின் அம்மா தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"சார், நெசத்தச் சொல்லுங்க சார்" என்றான் கிதியோன். மேடைத் திரைச்சீலைக் கயிற்றை அவிழ்த்து நாலு பேரையும் நாற்காலியோடு சேர்த்து எப்சிபா கட்டினாள். ராஜசிம்மனுக்குக் கொஞ்சம் இறுக்கியே கட்டியதாகக் கேள்வி. இறங்கியது, வேப்பமர உயரம் வரை.

கடைசியாக ஒன்று இருந்தது. "சக்கரம்?"

மண்டபத்துக்கு ஏது சக்கரம்? பதில் ஒரே ஒரு சொல்தான், 'இல்லை'. ஆனால் அந்தச் சொல்லை அந்த நாலு பேரும் எந்தக் கதையிலும் சொன்னதே இல்லை. கீழே ஜனங்களும் வாயை மூடிக்கொண்டார்கள். இது அவர்கள் சொல்ல வேண்டிய பதில் இல்லை என்று எப்படியோ தெரிந்திருந்தது. மாதங்கி அம்மாள் ஜன்னலைப் பார்த்தார். இதயத்துல்லா நகத்தைப் பார்த்தார். நாலாமவர் மற்ற மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தார். மண்டபம் அங்கேயே நின்று லேசாக ஆடியது.

கிதியோன் சத்தத்தைத் தாழ்த்தி, "சக்கரம், சார்" என்றான்.

"இல்ல" என்றார் ராஜசிம்மன். "எனக்குப் பயமாருக்கு தம்பி. சக்கரம் இல்ல."

"எனக்கும்" என்றார் நாலாமவர். அவர் சொன்னதிலேயே அது ஒன்றுதான் நிஜம்.

மண்டபம் இறங்கிவிட்டது. ஆனால் அஸ்திவாரத்தில் இல்லை. ரோட்டுக்கு மறுபக்கம், மோசஸ் அண்ணாச்சியின் கடலைத் தோட்டத்தில், ஆலயத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. இறக்கிய கேப்டன்கள் கட்டை அவிழ்த்துக்கொண்டு, அதற்குமேல் தங்கள் வேலை இல்லை என்று டீக்கடைக்குப் போய்விட்டார்கள். கிதியோன் மண்டபத்துக்கு முன்னால் போய் நின்றான். இரண்டு கையையும் தூக்கி, "பிரேக்க எடுங்க" என்று மண்டபத்தைப் பார்த்துச் சொன்னான். பிறகு ஒரு கையை மடக்கி மடக்கி, முன்னால் நடந்துகொண்டே, பின்னால, பின்னால, இடது கொஞ்சம், பின்னால என்று காட்டக் காட்ட, அந்தத் தகரக் கூரை மண்டபம் பசு மாதிரிப் பின்னுக்கு நடந்து, ரோட்டைக் கடந்து, திரும்பி, தன் அஸ்திவாரத்தில் ஒரு நூல் பிசகாமல் உட்கார்ந்தது. டீக்கடைக்காரர் கடைசி நிமிஷத்தில் பெஞ்சை இழுத்துக்கொண்டார்.

பிறகு எல்லோரும் ஜாய்ஸ் டீச்சரைப் பார்த்தார்கள்.

"நாலு தெருவுக்குச் சொல்லி வச்சேன்" என்றார் அவர். "பைலட்டு வீட்டுப் பொண்ணு, பைலட்டு வீட்டுப் பொண்ணுன்னு."

எப்சிபா காப்பியும் முந்திரிக்கொத்தும் கொண்டுபோன தட்டை எடுத்துக்கொண்டு படியிறங்கி வந்தாள். "அத்தை, மேல நாலு பைலட்டு இருந்தாவ. மூணு நாளு."

ஜாய்ஸ் டீச்சர் டீக்கடைப் பக்கம் திரும்பிப் பார்த்தார். அங்கே ராஜசிம்மன் கையை விரித்து எதையோ சொல்லிக்கொண்டிருந்தார், மற்ற மூன்று பேரும் அவர் மூச்சு விடக் காத்திருந்தார்கள். வகுப்பில் இப்படி நாலு பேரைப் பார்த்திருப்பார் போல. ஆல்வின் அதற்குள் போய் கிதியோனின் சட்டையில் ஒட்டியிருந்த கடலைச் செடியைத் தட்டிவிட்டுக்கொண்டிருந்தான்.

"அந்த முந்திரிக்கொத்து இன்னும் இருக்கா? காலையில இருந்து ஒண்ணும் சாப்பிடல" என்றார் ஜாய்ஸ் டீச்சர்.

திங்கட்கிழமை காலை பத்தரைக்குக் கல்யாணம் நடந்தது. ஐயர் கேள்வி கேட்டு மாப்பிள்ளையும் பெண்ணும் பதில் சொன்னபோது, ஒவ்வொரு பதிலுக்கும் ஜனங்கள் கூரையை ஒருமுறை பார்த்துக்கொண்டார்களாம். கேப்டன்கள் பந்தியில் இரண்டு தடவை சாப்பிட்டுவிட்டு மத்தியான ரயிலில் போனார்கள். ரயில் அடுத்த ஸ்டேஷனைத் தாண்டுமுன் கிதியோனைக் குழுவிலிருந்து நீக்கிவிட்டார்கள். சக்கரமில்லாத ஒரு மண்டபத்தை, உள்ளே மணப்பெண்ணோடு, தன்னந்தனியாகத் தரையிறக்கியதை இப்போது நாலு பேரும் நாலு இடத்தில் சொல்லிக்கொண்டிருக்கிறார்களாம். காப்பி ஒரு சொட்டுக்கூடத் தளும்பவில்லை என்பதையும் சேர்த்து. அவர்களுக்காகவும் நான் ஜெபிக்கத்தான் செய்கிறேன், ஆனால் கடைசியில்தான் அவர்கள் பெயரைச் சொல்கிறேன்.

கிதியோன் இப்போதும் சென்னை விமான நிலையத்தில் கீழேதான் நிற்கிறான். அவன் சட்டையை எப்சிபா ஊரறியக் கொடியில் காயப் போடுகிறாள். நீங்கள் அடுத்த மாதம் மகளைப் பார்க்கச் சென்னையிலிருந்து விமானம் ஏறப் போவதாகச் சொன்னீர்கள் அல்லவா? முதலில் அது பின்னால்தான் போகும். ஜன்னலோரம் இடம் கிடைத்தால், அப்போது கீழே மஞ்சள் சட்டையோடு ஒருவன் நிற்பான், அவனைப் பார்த்துக் கையை ஒருமுறை ஆட்டிவிடுங்கள்.